குட்டியும் கோலும்

நாயின் நன்றியுணர்வைத் தமிழிலக்கியம் பலவிடங்களிற் போற்றியுள்ளது. அவற்றுள் நாலடியார் எடுத்தாளும் உவமை தனித்து நிற்பது. தன்னை நெடுங்காலம் பேணிய பாகனையே கொன்றுவிடும் யானையையும், தன்மீது எறியப்பட்ட வேல் உடலிற் பதிந்திருக்கவும் எறிந்தவனைக் கண்டு வாலாட்டும் நாயையும் ஒருசேர நிறுத்தி, நாய் போன்றாரின் நட்பையே கொள்ளுமாறு அந்நூல் அறிவுறுத்துகின்றது. நட்பின் இலக்கணத்தை விளக்குதற்கு இதனினும் கூரிய உவமை கிடைத்தல் அரிது. ஆயின், நாய்க்குட்டி ஒன்றை வளர்க்கப் புகுந்த ஒருவன் இதனை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பானாயின் அவனுக்குச் சிறிது அச்சம் தோன்றுதல் வேண்டும். வேலெறிந்தவனுக்கும் வாலாட்டும் அவ்வியல்பே, எறிந்தவன் தன் பிழையை உணரவொட்டாது மறைத்துவிடுகின்றது. அடித்து வளர்த்தவனும் அணைத்து வளர்த்தவனும் மாலையில் வீடு திரும்பும்போது ஏறக்குறைய ஒரேவிதமான வரவேற்பையே பெறுகின்றனர். இருவகை வளர்ப்புக்குமிடையே உள்ள வேறுபாடு வெளிப்படுவது மூன்றாமவரிடத்து. பெரும்பாலும் அயல்வீட்டுச் சிறுபிள்ளையிடத்து.

அயல்வீடு என்பது எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கும் இடங்களிலே இவ்வேறுபாடு மிகவிரைவிற் புலனாகும். மஹய்யாவ அத்தகைய இடம். கண்டி நகரின் மையத்திலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கமாகச் செல்வோர் இதனைக் கடந்தே செல்வர். 1880 ஆம் ஆண்டு மாத்தளைக்கு அமைக்கப்பெற்ற புகையிரதப் பாதையும் இவ்வழியே செல்கின்றது. நகரின் பொது மயானம் இங்குண்டு. நகரைத் தூய்மை செய்வோரின் குடியிருப்பும் இங்குண்டு. 1865 இல் கண்டி மாநகர சபை தோன்றிய பின்னர், நகர்ச் சுத்திகரிப்புக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டோரின் வழிவந்தோர் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். தோட்டப்புற லயங்களைக் கண்டோர்க்கு இக்குடியிருப்பின் அமைப்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வாசற்படியிலிருந்து இறங்கினால் பொதுவழி. பொதுவழியைத் தாண்டினால் எதிர்வீட்டு வாசற்படி. குடும்பங்கள் பெருகின, நிலம் பெருகவில்லை. நாய்க்கெனத் தனி முற்றம் என்பது இங்குள்ளோர் பலருக்குப் பத்திரிகைப் படத்திற் காணும் பொருளே.

கடுவன் குட்டிகளைக் கேட்டு வாங்குவோர் எங்கும் உளர். பெட்டைக் குட்டிகளை அட்டைப் பெட்டியிலோ உரப்பையிலோ இட்டுச் சந்தையோரத்திலும் விகாரை வாயிலிலும் விட்டுச் செல்லுதல் இலங்கை முழுவதும் காணப்படும் வழக்கம். மயானச் சுவரும் அதற்கு ஏற்ற இடமே. அங்கே வீட்டுக்காரர் எவரும் வந்து வினவுவதில்லை. அங்ஙனம் விடப்பட்ட பெட்டைக் குட்டியொன்று, மாநகர சபையில் முப்பதாண்டுகளுக்கு மேல் துப்புரவுத் தொழில் செய்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரின் வீட்டை, அவருடைய பேத்தியின் பாடசாலைப் பைக்குள் இருந்தவாறே வந்தடைந்தது. பேத்திக்கு அப்போது வயது பதின்மூன்று. குட்டிக்கு ஆறு வாரம் இருக்கலாம் என்று பல்வரிசையைப் பார்த்துப் பின்னர் மிருக வைத்தியர் கணித்தார்.

"பொட்டக் குட்டியவா தூக்கிட்டு வந்த?" என்பது முதியவரின் முதல் வினா. சங்கிலிக்கு எவ்வளவு செல்லும் என்பது இரண்டாவது.

அவரைக் குறைகூற இடமில்லை. கட்டிப்போட்ட நாயே காவலுக்கு ஆகும் என்பதும், பிறரோடு பழகவிட்டால் நாய் கெட்டுவிடும் என்பதும், குட்டியிலேயே கோலைக் காட்டிவிடவேண்டும் என்பதும் நம்மவரிடையே வேரூன்றிய கொள்கைகள். இவை கிராமத்தாரிடம் மட்டும் உள்ளவையுமல்ல. கண்டியைச் சூழ்ந்த குன்றுகளில் உயர்ந்த மதிலும் இரும்புக் கதவும் கொண்ட மாளிகைகளிலே அல்சேஷன் குட்டிகள் வளர்க்கப்படுவதும் பெரும்பாலும் இக்கொள்கையின்படியே. ஐரோப்பாவிலும் நிலைமை நெடுங்காலம் வேறாக இருக்கவில்லை. ஜெர்மானியப் படை அதிகாரியான கொன்ராட் மொஸ்ட் 1910 இல் வெளியிட்ட பயிற்சி நூல், வலுக்கட்டாயத்தைப் பயிற்சியின் முக்கியமான கருவியாகக் கொண்டது. அந்நூலின் செல்வாக்கு அரை நூற்றாண்டு வரை நீடித்தது.

இக்கொள்கையின் அடிப்படையை அசைத்தது அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள பார் ஹாபர் ஆய்வுகூடத்தில் நடைபெற்ற நீண்ட ஆராய்ச்சி. ஜோன் போல் ஸ்கொட், ஜோன் ஃபுல்லர் என்னும் இருவரும் பதின்மூன்று ஆண்டுகள் நாய்க்குட்டிகளைப் பிறப்பிலிருந்து கவனித்து, தம் முடிவுகளை 1965 இல் நூலாக வெளியிட்டனர். குட்டியின் வாழ்வில் மூன்றாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலம் தனிச்சிறப்புடையது. யார் தன் இனம், எது இயல்பானது, எதற்கு அஞ்சவேண்டும் என்பவற்றைக் குட்டி அக்காலத்திலேயே வகுத்துக்கொள்கின்றது என்பது அவர்கள் கண்ட உண்மை. இதே ஆய்வுகூடத்தைச் சார்ந்து நடைபெற்று 1961 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், சில குட்டிகள் மனிதத் தொடர்பின்றி வேலியிட்ட வெளியில் வளர்க்கப்பட்டன. பதினான்கு வாரம் வரை மனிதரோடு பழகாதிருந்த குட்டிகள் அதன் பின்னர் அன்போடு அணுகியபோதும் ஒதுங்கியே நின்றன. பன்னிரண்டு வாரம் என்பது ஒரு பாடசாலைத் தவணைக்காலம். அக்காலத்தைச் சங்கிலியிற் கழித்த குட்டி, சங்கிலி எட்டும் வட்டத்தையே உலகமெனக் கற்றுக்கொள்ளும். அவ்வட்டத்துள் நுழைவோர் அனைவரும் அதற்கு அந்நியரே.

ஆயின் இங்கு ஒரு சிக்கல் உண்டு. குட்டியை வெளியே கொண்டு செல்லவேண்டிய அதே வாரங்களிலேதான் அது நோய்க்கு மிக எளிதில் இரையாகின்றது. 1978 அளவில் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் வைரசு குட்டிகளின் குடலைத் தாக்கி, குருதி கலந்த கழிச்சலால் சில நாட்களுக்குள் கொன்றுவிட வல்லது. மண்ணிலே மாதக்கணக்கில் அழியாது கிடப்பது. இதற்குத் தடுப்பூசி உண்டு. எனினும் ஓர் ஊசியோடு காரியம் முடிவதில்லை. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் எஞ்சியிருக்கும் வரை அது நோயை மட்டுமன்றி ஊசி மருந்தையும் முறியடித்துவிடுகின்றது. அச்சக்தி எப்போது தேயும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆதலால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாகப் பதினாறாம் வாரம் வரை ஊசியேற்றுகின்றனர். ஊசி முற்றுப்பெறும் வரை காத்திருந்தால் பழகும் காலம் முடிந்துவிடும். காத்திராவிடின் உயிரே முடிந்துவிடக்கூடும்.

பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குக் குட்டியைக் கொண்டு சென்றபோது பேத்திக்குக் கிடைத்த அறிவுரை எளியது: உலகத்தைக் காட்டு, நிலத்தில் விடாதே. அவள் பழைய சேலைத் துண்டொன்றைத் தோளிற் கட்டி, அதனுள் குட்டியை இருத்திக்கொண்டு நாள்தோறும் மாலையில் அரைமணி நேரம் லயத்தின் தலைப்பிலிருந்து கடைசி வரை நடந்தாள். மஹய்யாவையின் நெருக்கடி அப்போது அதன் செல்வமாயிற்று. குடை விரிப்போர், முச்சக்கரவண்டி, குப்பை வண்டி, கைத்தடி ஊன்றிய கிழவி, வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், தொப்பியணிந்த முஸ்லிம் பெரியவர், காவியுடுத்த பிக்கு, கோயிற் திருவிழாவின் மேளம், தீபாவளி வெடி, சில பத்து அடிக்கப்பால் விரையும் புகையிரதம் என்று ஒரு கிழமைக்குள் அக்குட்டி கண்டதையும் கேட்டதையும், இரும்புக் கதவுக்குப் பின்னால் வளரும் உயர்சாதிக் குட்டி ஓராண்டிலும் காணாது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. நாய் வளர்ப்புப் பற்றிய நூல்கள், குட்டிக்குப் புதிய மனிதர்களை அறிமுகப்படுத்தும் வழிகளைப் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. லயத்திலே அதற்கு மாறாக, குட்டியை எவரும் தூக்கிச் செல்லாமற் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு.

உணவிற் சில சங்கடங்கள் நேர்ந்தன. மாப்பாலைக் கரைத்து ஊற்றியதால் வயிற்றுப்போக்கு உண்டாயிற்று. பால்குடி மறந்த குட்டிகளுக்குப் பாலைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடும் என்பதைப் பலர் அறியார். எஞ்சிய சோற்றோடு கறிக்குழம்பைப் பிசைந்து வைப்பதும் தவறே. வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பது. உப்பும் உறைப்பும் சேர்க்காது அவித்த நெத்தலியும் சோறும் நாளொன்றுக்கு நான்கு வேளையாகச் சிறிது சிறிதாகக் கொடுக்கப்பட்டன. பூச்சி மருந்து இருவாரத்துக்கு ஒருமுறை.

மலசலம் கழிக்கப் பழக்குவதே எல்லா வீடுகளிலும் முதற் பாடம். அதன் முறை பெரிதன்று. உறங்கி எழுந்தவுடன், உண்டவுடன், விளையாடி முடிந்தவுடன் குட்டியைக் குறித்த ஓரிடத்துக்குக் கொண்டு செல்லுதல். அங்கே காரியம் முடிந்த அக்கணத்திலேயே பாராட்டி ஒரு துண்டு உணவு கொடுத்தல். வேறிடத்தில் நிகழ்ந்துவிட்டால் ஒன்றும் சொல்லாது துடைத்துவிடுதல். மூன்று மாதக் குட்டி பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தல் கூடாது. அழுக்கில் மூக்கை வைத்துத் தேய்த்தல் என்பது பரவலான வழக்கம். அதனாற் குட்டி கற்றுக்கொள்வது மனிதன் பார்க்காதபோது கழிக்கவேண்டும் என்பதை மட்டுமே.

அந்த வீட்டில் இப்பாடம் வேறொரு காரணத்தாற் கடினமாயிற்று. முதல் நாள் குட்டி கூடத்து மூலையிற் கழித்ததைத் துடைப்பதற்குப் பேத்தி பழைய பத்திரிகைத் தாளோடு குனிந்தபோது முதியவர் அவளைத் தடுத்தார். "நீ தொடாத. அது நம்ம கையோட முடியட்டும்" என்றார். அவருடைய தந்தை வாளி சுமந்தவர். அவர் கான் கழுவியவர். நகரத்தின் கழிவை மூன்று தலைமுறையாக எடுத்த குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பிள்ளை விஞ்ஞானப் பிரிவிற் படிக்கப்போவதாகக் கூறிக்கொண்டிருந்தது. நாய் வளர்த்தற்குரிய நூல்கள் எவையும் இதனைக் கருத்திற் கொள்ளவில்லை. மேல்வீதி வீடுகளிலே நாயின் கழிவை எடுத்தற்கு வேலையாள் உண்டு. அவ்வேலையாள் யாருடைய பிள்ளை என்பதைக் கண்டியில் விளக்க வேண்டுவதில்லை. பல நாட்கள் முதியவரே விடியற்காலையில் எழுந்து, எவரும் காணுமுன் துடைத்து முடித்தார். குட்டிகளின் குடற்புழு முட்டைகள் மண்ணில் இரண்டு மூன்று கிழமை கிடந்த பின்னரே பிறரைத் தொற்றும் நிலையை அடையும் என்றும், அன்றன்றே அகற்றினால் லயத்துப் பிள்ளைகளுக்குத் தீங்கில்லை என்றும் பாடப்புத்தகத்தைக் காட்டிப் பேத்தி வாதாடினாள். அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாளும் முன்னெழுந்தார். இருவருள் யார் வென்றார் என்று கூறுதல் எளிதன்று. குட்டி இடத்தைக் கற்றுக்கொண்டதும் வழக்கு தானாகவே ஓய்ந்தது.

கடித்து விளையாடும் பருவத்திலேதான் பெருங்குழப்பம் வந்தது. குட்டியின் பால்பற்கள் ஊசி போன்றவை. கையைக் கவ்வும்போது விளையாட்டை நிறுத்திக் கையை அசையாது வைத்து, சற்று விலகிவிட்டால் கடித்தல் விளையாட்டைக் கெடுக்கும் என்பதைக் குட்டி விரைவில் உணரும். முதியவர் அறிந்த முறை வேறு. சுருட்டிய பத்திரிகையால் மூக்கில் ஒரு தட்டு. தட்டியவுடன் குட்டி காதை மடக்கித் தாழ்ந்து, பின் அவர் காலை நக்கும். "தப்பு புரிஞ்சிருச்சு" என்பார். 2009 இல் அலெக்ஸாண்ட்ரா ஹொரொவிட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் நாயின் இக்குற்றவுணர்வுத் தோற்றத்தைச் சோதித்துப் பார்த்தார். நாய் உணவைத் திருடியதா இல்லையா என்பதற்கும் அத்தோற்றத்துக்கும் தொடர்பில்லை. உரிமையாளர் கடிந்துகொண்டால் திருடாத நாயும் அதே முகத்தைக் காட்டியது. முதியவர் கண்டதும் அதுவே. குட்டி தவற்றை உணரவில்லை. உயரும் கையை உணர்ந்தது.

ஒரு மாலை எதிர்வீட்டு நான்கு வயதுப் பையன் விசுக்கோத்துத் துண்டொன்றை உயர்த்திப் பிடித்தவாறு ஓடிவந்தான். குட்டி உறுமிப் பாய்ந்தது. பல் அவன் மணிக்கட்டில் ஒரு கீறலை மட்டுமே ஏற்படுத்திற்று. எனினும் இலங்கையில் அத்தகைய கீறலை எவரும் இலேசாகக் கொள்ளலாகாது. நீர்வெறுப்பு நோயைத் தடுத்தற்கென இந்நாட்டில் 1893 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1973 இல் மட்டும் 377 பேர் இந்நோயால் இறந்தனர். பின்னர் நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி ஏற்றியதாலேயே ஆண்டு மரணங்கள் 50 இற்கும் கீழே குறைந்தன. கண்டெடுக்கப்பட்ட, ஊசி ஏற்றப்படாத குட்டி, பெரிய நாயைப் போலவே இந்நோயைக் காவ வல்லது. அதனை எல்லாரும் அணைத்துக்கொள்வதால் ஆபத்து இன்னும் மிகுதி. முதியவர் பையனைக் குழாயடிக்குத் தூக்கிச் சென்று, சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் காற்மணி நேரம் கழுவினார். அதுவே உலக சுகாதார நிறுவனம் கூறும் முதற் சிகிச்சையும் ஆகும். அன்றிரவே கண்டி வைத்தியசாலையில் பையனுக்கு ஊசி தொடங்கப்பட்டது. குட்டியை இருவாரம் கவனிக்குமாறு கூறப்பட்டது.

அவ்விருவாரமும் லயத்தில் ஒரே பேச்சு. குட்டியைத் தூர எங்காவது விட்டுவிடவேண்டும் என்றனர் பலர். நஞ்சிட்டுவிடலாம் என்றும் ஒரு குரல் எழுந்தது. தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை அரசாங்கம் 2006 இல் கைவிட்டது. சோற்றில் நஞ்சு கலக்கும் வழக்கத்தை மக்கள் அத்தனை எளிதிற் கைவிடவில்லை. பையனின் தாய் கூறியது மட்டும் வேறாக இருந்தது. "மாமா, நீங்க அத அடிக்காம இருந்திருந்தா அது எம்புள்ள கையப் பாத்துப் பயந்திருக்காது" என்றாள். சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் பத்திரிகைச் சுருளின் ஓசை அடுத்த வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கின்றது. மதிலுள்ள வீட்டில் எவரும் இதைக் கூறியிருக்க இயலாது.

இருவாரம் கழிந்தது, குட்டி நலமாகவே இருந்தது. நீர்வெறுப்பு ஊசியும் உரிய வயதில் ஏற்றப்பட்டது. உயரும் கை உணவு கொண்டுவரும் கையாக மீண்டும் மாறுவதற்கு ஆறு கிழமை பிடித்தது. பயிற்சியின் இரகசியம் நேரத்திலேயே தங்கியுள்ளது என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1951 இல் எழுதிய கட்டுரையில், எவரும் வீட்டில் தம் நாயோடு செய்து பார்க்கத்தக்க விதத்தில் விளக்கினார்: விரும்பத்தக்க செயல் நிகழ்ந்த கணத்திலேயே ஒலியொன்று, ஒலியைத் தொடர்ந்து உணவு. பேத்தி ஒரு பேனாவின் மூடியைச் சொடுக்கி அவ்வொலியை எழுப்பினாள். முதலில் அவள் கை தோளளவு உயர்ந்தது. சொடுக்கு, நெத்தலித் துண்டு. பின்னர் தலையளவு. பின்னர் முதியவரின் கை. அவருக்குத் தாமதம் மிகுதி. சொடுக்குவதற்குள் குட்டி வேறொன்றைச் செய்துவிடும். பேத்தி அவரைத் திருத்தினாள். லயத்துப் பிள்ளைகள் திண்ணையில் அமர்ந்து சிரித்தனர். கடைசியில் எதிர்வீட்டுப் பையன், தாயின் மடியில் இருந்தவாறு, கையை உயர்த்தினான்.

எட்டு மாதமளவில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. பெட்டை நாய் ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடும்; மயானச் சுவரருகே பெட்டிகள் தோன்றுவதற்கு அதுவே காரணம். நாய்களைப் பதிவு செய்தற்கான சட்டம் இந்நாட்டில் 1901 இலிருந்து உள்ளது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட இந்திய வம்சாவளியினருட் பலர், தம் நாய்க்குச் சபையில் இலக்கம் பெறலாம். தமக்குப் பெறுதல் இயலாது என்ற நிலையில் நெடுங்காலம் வாழ்ந்தனர். எஞ்சியோர்க்கு உரிமை வழங்கிய சட்டம் 2003 இல் வந்தது. உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் யாருடையதை எழுதுவது என்று எழுதுவினைஞர் வினவியபோது முதியவர் பேத்தியின் முழுப்பெயரைச் சொன்னார். எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டும்படியும் கேட்டார்.

அதே மாதத்தில் மயானச் சுவரருகே மற்றுமொரு பெட்டி. நான்கு குட்டிகள், மூன்று பெட்டை. மூன்றாம் வீட்டுப் பையன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பேத்தி அவனிடம் முதலிற் கேட்டது, குட்டி கடித்ததா என்பது. அடுத்துச் சவர்க்காரத்தை எடுத்து நீட்டினாள்.